முதலில் அடியைத் திருப்பிப் பாருங்கள்: ஜப்பானியத் தேநீர், சாக்கே கிண்ணங்கள் சேகரிக்க நினைப்பவருக்கு

கேள்வியைச் சுருக்கி முதலில் வைத்துவிடுகிறேன். ஜப்பானில் கையால் வனைந்த தேநீர்ப் பாத்திரங்களும் சாக்கே என்ற அரிசி மதுவுக்கான கிண்ணங்களும் சேகரிக்க ஆசை, மாதம் ஒரு சின்னத் தொகைதான் ஒதுக்க முடியும், மதுப் பழக்கம் இல்லை, எதில் தொடங்குவது, போலியை எப்படித் தெரிந்துகொள்வது, வைத்திருந்தால் விலை ஏறுமா?

மதுப் பழக்கம் இல்லாவிட்டாலும் சாக்கே கிண்ணத்தில்தான் தொடங்கச் சொல்வேன். குயினோமி என்று அங்கே பெயர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மாட்சா என்ற பச்சைத் தேயிலைத் தூளை அடித்துக் குடிக்கும் பெரிய கிண்ணம் தேநீர்ச் சடங்கின் நடுநாயகம் என்பதால் ஒரு குயவரின் பெயரும் புகழும் அதில்தான் ஏறி உட்கார்ந்திருக்கும், விலையும் அப்படியே. ஆனால் அதே குயவர், அதே மண்ணில், அதே கையால் வனைந்து, பல சமயம் அந்தப் பெரிய கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே வைத்து அதே நெருப்பில் சுட்ட குயினோமி அந்த விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும். இளம் குயவர்களுடையது சில ஆயிரம் யென்னிலிருந்தே தொடங்குகிறது. அதில் கியோகுரோ தேநீர் குடியுங்கள். நிழலில் வளர்த்த அந்த இலையை 50, 60 டிகிரி வெந்நீரில்தான் ஊற வைப்பார்கள், ஒருவருக்கு நாலு மடக்குக்கு மேல் ஊற்ற மாட்டார்கள், அதற்கு இந்த அளவு கச்சிதம்.

அப்புறம், ஒரே ஊரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொன்றாகப் பத்து ஊர்க் கிண்ணங்களை வாங்கி அடுக்கினால் அலமாரி அழகாக இருக்கும், கண் பழகாது. ஒரே ஊர் மண்ணில் வெவ்வேறு கைகள் செய்த மூன்று நான்கு கிண்ணங்களை மாற்றி மாற்றிப் புழங்கும்போதுதான் எது மண்ணின் குணம், எது சூளையின் வேலை, எது குயவரின் கை என்று பிரித்துப் பார்க்க வரும். தேநீர்க்காரர்கள் நடுவே ‘முதலில் ராகு, இரண்டாவது ஹாகி, மூன்றாவது கராட்சு’ என்று பாண்ட வகைகளுக்கு ஒரு வரிசை உண்டு, சாக்கே பிரியர்கள் ‘ஊற்ற பிஸென் குடுவை, குடிக்க கராட்சு கிண்ணம்’ என்பார்கள். தொடங்குபவர்களுக்கு பிஸென், கராட்சு, ஹாகி மூன்றில் ஒன்று என்பது என் கட்சி. ராகு வேண்டாம் என்பதற்குக் காரணம் பின்னால் சொல்கிறேன்.

பிஸென் என்பது ஒகயாமா மாகாணத்தில் இம்பே என்ற ஊரும் அதன் சுற்றுப்புறமும். வயலுக்கு அடியில் படிந்து கிடக்கும் இரும்புச் சத்து மிகுந்த களிமண்ணைத் தோண்டி எடுத்துப் பதப்படுத்துகிறார்கள். கண்ணாடிப் பூச்சு கிடையாது, ஓவியம் கிடையாது, இருப்பது மண்ணும் நெருப்பும்தான். செம்பைன் விறகைப் போட்டு பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை இரவு பகலாக எரிக்கிறார்கள், சூடு 1200 டிகிரியைத் தாண்டும். வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோதான் ஒரு குயவர் சூளை மூட்டுவார், ஆகவே பல மாத உழைப்பு மொத்தமும் அந்த ஒரு நெருப்பில்தான் நிற்கிறது. பறக்கிற விறகுச் சாம்பல் பாத்திரத்தின் தோளில் விழுந்து உருகி எள் தூவியது மாதிரி மஞ்சள் பொட்டுகளாக நிற்கும், அதற்குப் பெயரே கோமா, அதாவது எள். சாம்பலிலும் கரியிலும் புதைந்து காற்றுப் படாமல் வெந்த பகுதி நீலம் கலந்த சாம்பல் நிறமாகும். எனக்கு மிகவும் பிடித்தது ஹிதாசுகி. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நெல் வைக்கோலைச் சுற்றி அடுக்கப் போய், வைக்கோலில் உள்ள காரச்சத்து மண்ணின் இரும்போடு சேர்ந்து, வைக்கோல் கிடந்த இடமெல்லாம் செந்நிறக் கோடாக எரிந்து பதிந்துவிட்டது. முதலில் தற்செயல், பிறகு வேண்டுமென்றே செய்தார்கள். வெளிறிய பழுப்பு உடம்பில் அந்தச் சிவப்புக் கோடுகளைப் பார்த்தால் நம்மால் கண்ணை எடுக்க முடியாது.

சடங்குக்காரர்களின் ரசனை மாறியதாலும் பூச்சுப் போட்ட பாத்திரங்கள் பெருகியதாலும் நொடித்துக் கிடந்த பிஸெனை இருபதாம் நூற்றாண்டில் தூக்கி நிறுத்தியவர் கானெஷிகே டோயோ. பழைய பாத்திரங்களின் மண்ணையும் சூளையையும் ஆராய்ந்து திரும்பக் கண்டெடுத்தார், 1956இல் ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று மரபுக் கலையின் பெரும் கைவினைஞர்களுக்கு அரசு தரும் தகுதி கிடைத்தது. இன்று பிஸெனில் வேலை செய்யும் குயவர்கள் பலர் நேராகவோ சுற்றிவளைத்தோ அந்த மறுமலர்ச்சியின் வாரிசுகள்.

கராட்சு வேறு உலகம். கியூஷூ தீவின் வடமேற்குத் துறைமுகம், சாகா மாகாணம். சற்று மணற்பாங்கான மண், அதன்மேல் மெல்லிய பூச்சு. இரும்புச் சாயத்தால் ஒரு புல், ஒரு கொடி, சில சமயம் வெறும் இரண்டு கீற்று மட்டும் தீட்டியது எ-கராட்சு. வைக்கோல் சாம்பலைக் கலந்த பூச்சு பால் போல வெளுத்து அங்கங்கே நீலம் கசிந்தால் மதாரா. கறுப்புப் பூச்சும் வெள்ளைப் பூச்சும் தனித்தனியாகப் போட்டு, இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று வழிந்தால் சோஸென் கராட்சு. ‘சோஸென்’ என்றால் கொரியா. அந்த ஊர்க் கலையின் வேரும் அங்கேதான் இருக்கிறது.

இதை மூடி மறைக்காமல் சொல்லியாக வேண்டும். 1592 முதல் 1598 வரை, அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி கொரியாமீது இரண்டு முறை படையெடுத்தபோது ஜப்பானியப் பிரபுக்கள் அங்கிருந்து குயவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்தார்கள். கராட்சு அதற்குச் சற்று முன்பே தொடங்கியிருந்தாலும் பெருகியது இவர்களால். ஹாகி முழுக்க இவர்களால் பிறந்தது. மோரி டெருமோட்டோ என்ற பிரபு 1604இல் ஹாகியில் கோட்டை கட்டிக் குடியேறியபோது யி ஜாக்-குவாங், யி கியோங் என்ற கொரியச் சகோதரர்களை வைத்து அங்கே சூளை போட்டார். தம்பியின் வழி வந்தவர்கள் சாகா கோராய்ஸாயெமொன் என்ற பெயரைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வருகிறார்கள், அதில் ‘கோராய்’ என்பதும் கொரியாவையே குறிக்கும். பிறந்த மண்ணை விட்டுப் பிடுங்கப்பட்டவர்களின் கைவேலையைத்தான் நாம் ஜப்பானிய அழகின் உச்சம் என்று கொண்டாடுகிறோம். ஒரு ஹாகி கிண்ணத்தைக் கையில் எடுக்கும்போது அது தெரிந்திருப்பது நல்லது.

ஹாகியின் மண் மென்மையானது, சுட்ட பிறகும் முழுக்க இறுகாது. பூச்சில் நுண்ணிய விரிசல் வலை ஓடும், அதன் வழியாகத் தேநீர் உள்ளே இறங்கி வெளிறிய கிண்ணம் மெல்ல மெல்ல நிறம் மாறும், ‘ஹாகியின் ஏழு மாற்றம்’ என்று அதற்கே ஒரு பெயர். புதுக் கிண்ணம் முதலில் கசியும், மேசையில் ஈரவட்டம் விழும். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று பதற வேண்டாம், புது தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான் இதுவும். அரிசி கழுநீரில் கிண்ணத்தை முழுகப் போட்டு இளந்தீயில் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டு, கழுவி நன்றாக உலர்த்தினால் கஞ்சிப்பசை துளைகளை அடைக்கும். அங்கேயும் இதைத்தான் செய்கிறார்கள். மீதியைத் தேநீரே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஹாகியில் பால் டீயோ காபியோ ஊற்றாதீர்கள், பால் வாடை உள்ளே போய் உட்கார்ந்தால் வெளியே வராது.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். ஒரு கிண்ணத்தை எடுத்ததும் திருப்பி அடியைப் பாருங்கள். அடிவளையத்தை கோதாய் என்பார்கள், பெரும்பாலும் பூச்சுப் படாமல் மண் அப்படியே தெரியும் இடம் அதுதான். சக்கரத்தில் வனைந்து பாதி காய்ந்ததும் கத்தியால் செதுக்கி எடுப்பார்கள். தயக்கமில்லாத கை இரண்டு மூன்று சுற்றில் முடித்திருக்கும், வெட்டின வேகம் மண்ணில் நிற்கும், கராட்சு மண் அந்த வெட்டில் சுருக்கம் சுருக்கமாகப் பிய்ந்து நிற்பதை ரசிகர்கள் தனியாகத் தேடி வாங்குவார்கள். மேல்பக்கத்தை அழகாக்கிவிட்டு அடியை அச்சடித்தது போல வழவழவென்று விட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். ஹாகியில் அடிவளையத்தில் ஒரு வெட்டு விட்டிருக்கும், அது உடைசல் இல்லை, மரபு.

அடியைப் பார்த்த ஒரு கண் ஜப்பானியப் பாண்ட வரலாற்றையே திருத்தி எழுதியிருக்கிறது. ஷினோ என்ற தடித்த வெள்ளைப் பூச்சுக் கிண்ணங்கள், நகோயாவுக்குப் பக்கத்தில் உள்ள செட்டோ என்ற குயவர் ஊரில் செய்தவை என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1930இல் அரகாவா டோயோஸோ என்ற குயவர் நகோயாவில் மூங்கில் குருத்து தீட்டிய ஒரு பழைய ஷினோ கிண்ணத்தைப் பார்த்தார். அதன் அடிவளையத்துக்குள் ஒட்டியிருந்த துளிச் செம்மண் அவருக்கு உறுத்தியது, செட்டோவில் இப்படி மண் இல்லையே என்று. பக்கத்து கிஃபு மாகாணத்தில், மினோ பகுதியின் பழைய சூளை மேடுகளில் தேடிப் போனார். முதாபோரா என்ற இடத்தில், அதே மூங்கில் குருத்து தீட்டிய ஓட்டாஞ்சில்லு கிடைத்தது. ஷினோ மட்டுமல்ல, அதோடு சேர்த்துப் பேசப்பட்ட பச்சை ஒரிபே, மஞ்சள் செட்டோ, கறுப்புச் செட்டோ வகைகள் எல்லாமே மினோவின் சொத்து என்று நிறுவ அது வழி திறந்தது. அவர் அங்கேயே சூளை கட்டிக் குடியேறி ஷினோவை மீட்டெடுத்தார், 1955இல் வாழும் தேசியச் செல்வங்களை முதன்முதலாக அறிவித்தபோது அவர் பெயரும் இருந்தது. தேநீர்க் கிண்ணங்களில் தேசியச் செல்வம் என்று ஜப்பான் அரசு அறிவித்தவை எட்டே எட்டு, அதில் ஜப்பானிலேயே செய்தவை இரண்டுதான், அவற்றில் ஒன்று உனோஹானாகாகி என்ற ஷினோ கிண்ணம், டோக்கியோ மிட்சுயி அருங்காட்சியகத்தின் சொத்து.

ராகு பற்றிச் சொல்கிறேன் என்றேன். தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவின் ரசனைக்காக சோஜிரோ என்பவர் சக்கரம் இல்லாமல் கையாலேயே பிசைந்து செதுக்கிச் செய்த கிண்ணங்களில் தொடங்கியது அது. கியோட்டோவில் ராகு குடும்பம் பதினாறாவது தலைமுறையாக இன்றும் செய்கிறது. அந்தக் குடும்பத்தின் கிண்ணம் நம் வரவுசெலவில் நினைத்துப் பார்க்கக்கூடியது இல்லை. அதே பாணியில் மற்றவர்கள் செய்தவை சந்தையில் ஏராளம், நல்லதும் சுமாரும் கலந்து கிடக்கும், பிரித்தறியப் பல வருடப் பழக்கம் வேண்டும். கியோட்டோ போனால் ராகு அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்றாடத் தேநீருக்கு ஒரு கெட்டில் (அடுப்பில் வைப்பதல்ல, இலையை ஊற வைத்து ஊற்றுவது) வேண்டும் என்றால் டொகொனாமே என்ற ஊரின் க்யூசு. மூக்குக்குப் பக்கவாட்டில், செங்கோணத்துக்குக் கிட்டத்தட்ட கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும் சிவந்த சிறு கெட்டில். பூச்சு இல்லாத, இரும்பு நிறைந்த நைசான மண். மூடியும் வாயும் இடைவெளி இல்லாமல் பொருந்த, சுட்ட பிறகு இரண்டையும் சேர்த்துத் தேய்த்துச் சரி செய்வார்கள். வாங்கும்போது மூடியை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், தடதடக்காமல் ஓட வேண்டும். உள்ளே சல்லடை மண்ணிலேயே செய்ததா என்று பாருங்கள், கம்பி வலை போட்டது மலிவுச் சரக்கு. ஊற்றி நிறுத்தும்போது மூக்கு நுனியில் தண்ணீர் வழிந்து கீழே இறங்கக் கூடாது. இந்த ஊரின் யமடா ஜோஸான் மூன்றாமவர் 1998இல் க்யூசுவுக்காகவே வாழும் தேசியச் செல்வம் ஆனவர். அவர் செய்தது விலை எட்டாது, ஆனால் அந்த ஊர்க் கைவினைஞர்களின் நல்ல கெட்டிலை, மாத ஒதுக்கீட்டை இரண்டு மூன்று மாதம் சேர்த்தால் வாங்கிவிடலாம்.

பெட்டி. இதைப் புதியவர்கள் அலட்சியம் செய்கிறார்கள், செய்யாதீர்கள். கிரி என்ற எடையற்ற மரத்தில் செய்து, பட்டையான நெய்த கயிற்றால் கட்டிய பெட்டி. மூடியில் குயவரே தூரிகையால் என்ன பாத்திரம் என்று எழுதி, பெயர் எழுதி, முத்திரை வைத்திருந்தால் அது டொமொபாகோ. அதுதான் பிறப்புச் சான்றிதழ். குயவர் இறந்த பிறகு மகனோ அடுத்த தலைமுறையோ ‘இது அவர் செய்ததே’ என்று எழுதிய பெட்டியும் உண்டு, அதற்கும் மதிப்பு உண்டு. ஹமாடா ஷோஜி, கவாய் கான்ஜிரோ போன்ற பெரும் குயவர்கள் பாத்திரத்தில் பெயரே பொறிக்காதவர்கள் என்பதால் அவர்கள் விஷயத்தில் பெட்டிதான் பேசும். உள்ளே பாத்திரத்தைச் சுற்றியிருக்கும் மஞ்சள் துணியைக் கவனியுங்கள், மரபாக அது மஞ்சளில் சாயம் தோய்த்த பருத்தி, பூச்சி அண்டாது என்பதற்காக. நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் போன கலம்காரிப் பருத்தியையும் தேநீர்க்காரர்கள் பொக்கிஷமாக வைத்து, துண்டு துண்டாக வெட்டித் தேயிலைச் சிமிழ்களுக்குப் பை தைத்திருக்கிறார்கள்.

ஆனால் பெட்டி உண்மையாக இருந்து உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். காலியான நல்ல பெட்டிகளும் விலைக்குப் போகின்றன, சிலர் அதில் பொருந்துகிற அளவில் எதையாவது வைத்து விற்றுவிடுகிறார்கள். ஆகவே பெட்டியில் எழுதியிருக்கும் பாத்திரமும் உள்ளே இருப்பதும் ஒன்றா, அடியில் இருக்கும் முத்திரை அந்தக் குயவரின் மற்றப் பாத்திரங்களில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, பெட்டிக்குள் பாத்திரம் லொடலொடவென்று ஆடாமல் அமர்கிறதா என்று பாருங்கள். கிதாஓஜி ரோஸான்ஜின் என்ற புகழ்பெற்ற குயவரின் பெயரில் மலிவாக எது வந்தாலும் தொடவே தொடாதீர்கள், அவர் பெயரில் போலிகள் அவ்வளவு.

நிபுணர்களே ஏமாந்த கதை ஒன்று உண்டு. எய்னின் என்ற பழைய ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 1294ஆம் ஆண்டுக்குரிய தேதி பொறித்த ஒரு செட்டோ ஜாடியை 1959இல் ஜப்பான் அரசு முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அடுத்த ஆண்டே அது கட்டோ டோகுரோ என்ற, அப்போது உயிரோடிருந்த பெரும் குயவர் செய்தது என்று அம்பலமாகி, பூச்சை எக்ஸ் கதிரில் ஆராய்ந்து பார்த்து, 1961இல் அறிவிப்பை ரத்து செய்தார்கள். அதற்குப் பரிந்துரைத்த ஆய்வாளர் கோயாமா ஃபுஜியோ, ‘ஆறு பழஞ்சூளைகள்’ என்று பிஸென், ஷிகராகி, தம்பா, எச்சிஸென், செட்டோ, டொகொனாமே ஆறையும் ஒரே பெயரில் சேர்த்து உலகறியச் செய்த அதே மனிதர், பதவியை விட்டு விலகினார். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: பழம்பாண்டங்கள் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். உயிரோடு இருக்கிற குயவரிடமோ அவர் பாத்திரத்தை நேராக வாங்கி விற்கும் கடையிலோ வாங்கினால் போலி என்ற பேச்சே எழாது, காசும் அந்தச் சூளைக்கே போகும்.

ஜப்பான் போக வாய்த்தால் விழாக்காலம் பார்த்துப் போங்கள். பிஸெனில் அக்டோபரில், மஷிகோ என்ற இன்னொரு குயவர் ஊரில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பாண்டத் திருவிழா, குயவர்களே கடை போடுவார்கள், கையில் எடுத்துப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். கியோட்டோ டோஜி கோயிலில் ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதி, கிடானோ கோயிலில் 25ஆம் தேதி பழம்பொருள் சந்தை. ஒயிதா மாகாணத்தில் ஒன்டா என்ற மலைக் கிராமம் இருக்கிறது, ஓடைத் தண்ணீர் ஏற்றி இறக்கும் மர உலக்கைகள் மண்ணை இடித்துக்கொண்டே இருக்கும், யாரும் தனிப்பெயர் பொறிப்பதில்லை, பாத்திரங்கள் மலிவு. டீ குடிக்கும் கோப்பைக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

வாங்கியதைப் பெட்டியிலேயே பூட்டி வைக்காதீர்கள். புழங்கும் முன் பூச்சில்லாத பாத்திரத்தையும் விரிசல் வலை ஓடும் பாத்திரத்தையும் சற்று நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள், கறை ஒரே இடத்தில் பிடிக்காது. சோப்பு வேண்டாம், வெறும் வெந்நீரும் கையும் போதும். கழுவியதும் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டால் நம் சென்னைப் புழுக்கத்துக்குப் பூஞ்சணம் நிச்சயம், ஆகவே வெளியிலேயே சில நாள் காற்றாட விட்டு, அடி முழுக்கக் காய்ந்த பிறகு வையுங்கள். சாக்கே ஊற்றும் டொக்குரிக் குடுவை குறுகின கழுத்து, உள்ளே கை போகாது, கவிழ்த்து வைத்து உலர்த்துவதில் சோம்பல் கூடாது.

உடைந்தால்? கின்ட்சுகி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அரக்குமரப் பாலால் ஒட்டி மேலே பொன்தூள் தூவுவது. உண்மையான அரக்கு இறுக வாரக்கணக்கில் ஆகும், இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்றால் அது செயற்கைப் பசை, வாய் வைக்கும் பாத்திரத்துக்கு வேண்டாம். நன்றாக ஒட்டிய பழைய கிண்ணத்தை வாங்கத் தயங்காதீர்கள், குறைந்த விலையில் பெரிய கையைத் தொடும் வழி அதுதான். மயிரிழை விரிசல் மட்டும் ஏமாற்றும். நேரில் பார்க்க முடிந்தால் விரல் நகத்தால் மெதுவாகச் சுண்டுங்கள், முழுக் கிண்ணத்தின் ஒலி தெளிவாக இருக்கும், விரிந்தது மந்தமாகக் கேட்கும். ஹாகியும் ராகுவும் இயல்பிலேயே மந்தம் என்பதால் அவற்றுக்கு இந்தச் சோதனை செல்லாது.

விலை ஏறுமா என்றால், ஏறும் என்று நினைத்து வாங்காதீர்கள். ஜப்பானில் தேநீர்ச் சடங்கு பழகுகிற குடும்பங்கள் குறைந்து வருகின்றன, தாத்தா பாட்டி சேர்த்ததை வாரிசுகள் ஏலத்தில் விடுகிறார்கள், ஆகவே நல்ல பெயருள்ள கிண்ணங்களே முதல் விலைக்குக் கீழே கைமாறுகின்றன. விற்கப் போகிறவருக்கு அது கெட்ட செய்தி, உங்களுக்கு நல்ல செய்தி. முதல் கிண்ணத்துக்கு, வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு குயவரின் எ-கராட்சு குயினோமியோ ஹிதாசுகி பிஸெனோ பாருங்கள். இணையத்தில் வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் நாலு படம் கேளுங்கள்: நேர்ப்பக்கம், உள்ளடி, அடிவளையம், பெட்டி மூடியின் எழுத்து. அடிவளையத்தின் படத்தை அனுப்ப ஒருவர் சாக்குச் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். படங்கள் வந்ததும் பணம் கட்டும் முன் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.